அம்மாவைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்

என்னைப் போலவே முனைவர்ப் பட்ட ஆய்வில் இருக்கும் தோழியர் சிலரிடம் அண்மையில் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் அம்மா நீங்கள் படிக்கும் வளாகத்துக்குள் எத்தனை முறை வந்திருக்கிறார்? விடைகள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தன. சேர்க்கை நாளில் பெட்டியுடன் விடுதி வாசல் வரை. பட்டமளிப்பு விழாவில் பின்வரிசை நாற்காலி வரை. இவ்விரு நாள்களுக்கும் நடுவே கிடக்கும் ஆண்டுகளில் மகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள், எதைப் பற்றி எழுதுகிறாள், அதற்கு ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்பவற்றை அம்மா அறியார். உறவினர் கேட்டால், "ஏதோ ஆராய்ச்சி பண்றா" என்ற ஒரு தொடரோடு நிறுத்திக்கொள்வார்.

குடும்பத்தில் முதன்முதலாக ஆய்வுப் படிப்புக்குச் சென்ற பெண்கள் இன்று தமிழ்ச் சமூகத்தில் எண்ணிக்கையில் கணிசமானவர்கள். அவர்கள் பெற்ற கல்வியே அவர்களுக்கும் அவர்களுடைய தாய்மார்களுக்கும் இடையே ஒரு தொலைவை உண்டாக்கிவருகிறது. அன்பு குறையவில்லை, பேசுபொருள் குறைந்துவிட்டது. தொலைபேசியில் சாப்பாடு, உடல்நலம், திருமணம் ஆகிய மூன்றைத் தாண்டி உரையாடல் நகர்வதில்லை. இத்தொலைவைக் குறைக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வார இறுதியில் அம்மாவை ஒரு பல்கலைக்கழக நகருக்கு அழைத்துச் செல்வதே அது. பிரேசர் டவுனிலிருந்து மைசூருக்கு நானும் அம்மாவும் இரண்டு நாள் சென்றுவந்த அனுபவத்தை முன்வைத்து இதை எழுதுகிறேன். எனினும் இது பயணக் குறிப்பு அன்று. பல்கலைக்கழகங்கள் யாருக்கு உரியவை என்பதைப் பற்றிய என் கருத்து.

முதலில் பயணம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பெண்கள் ஊர்விட்டு ஊர் போகக் காரணம் ஒன்று வேண்டும். கல்யாணம், கருமாதி, மகளின் பிரசவம், குலதெய்வத்துக்கு நேர்ந்த கடன் என்று அக்காரணங்களின் பட்டியல் சிறியது. நான்கிலும் அவர்கள் செல்வது பிறருக்காகவே. அகப்பொருள் மரபை நினைத்துப் பாருங்கள். தலைவி உடன்போக்கில் சென்றபின் செவிலி அவளைத் தேடிச் சுரத்திடை நடப்பாள். பெற்ற தாயோ வீட்டில் இருந்து புலம்புவாள். மகளைத் தேடிச் செல்லும் தாய் உண்டு, மகளை நினைந்து இரங்கும் தாய் உண்டு. மகளோடு சேர்ந்து ஊர் பார்க்கப் புறப்படும் தாய்க்கு அம்மரபு துறை எதையும் வகுக்கவில்லை. 'செலவு' என்ற பழஞ்சொல் பயணத்தைக் குறித்தது. இன்று அது பணம் கரைவதை மட்டுமே குறிக்கிறது. "எதுக்கு வீண் செலவு?" என்று கேட்டுப் பயணத்தைத் தவிர்க்கும் அம்மாக்கள் அச்சொல்லின் இரு பொருளையும் ஒருசேர மறுக்கிறார்கள்.

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று சக்தித் திட்டம் தொடங்கியது. மாநிலத்துக்குள் சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம். நடத்துநர் விலையில்லாச் சீட்டு ஒன்றைக் கொடுப்பார். கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அத்திட்டம் தொடங்கிய நாள்களில் எழுந்த கேலிகளை மறந்திருக்க மாட்டோம். பெண்கள் வேலை வெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறார்கள், கோயில் கோயிலாகத் திரிகிறார்கள் என்று படங்களும் துணுக்குகளும் உலவின. கேலி செய்தவர்களை உறுத்தியது கட்டணம் மட்டுமன்று. பெண்கள் காரணம் சொல்லாமல் கிளம்பியதும் அவர்களை உறுத்தியது. ஆண் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நந்திமலைக்கு வண்டியை எடுத்தால் அது ஓய்வு. ஐம்பது வயதுப் பெண் மைசூருக்குப் பேருந்து ஏறினால் அது ஊர் சுற்றல். அம்மா அந்தச் சீட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். "டிக்கெட்டுக்குக் காசு இல்லன்னு சொல்லி இனிமே யாரும் என்னை நிறுத்த முடியாது" என்றார். அச்சொற்களில் இருந்த கணக்கு எந்தப் பொருளாதார அறிக்கையிலும் எளிதில் இடம்பெறாது.

பிரேசர் டவுனுக்கும் மைசூருக்கும் இடையே உள்ள உறவு, பேருந்தில் கடக்கும் சுமார் 140 கிலோமீட்டரைவிட நெருக்கமானது. 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலான கண்டோன்மென்ட்டுக்கு வெளியே காற்றோட்டமான குடியிருப்பாக எழுந்தது எங்கள் பகுதி. அதற்குப் பெயர் தந்த ஸ்டூவர்ட் பிரேசர், இளவயதில் பட்டத்துக்கு உரியவரான நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்தவர். பின்னர் மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆனவர். அந்த மாணவர்தான் 1916 ஜூலை 27 அன்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அப்போது திவானாக இருந்தவர் மோ. விசுவேசுவரய்யா. இந்தியச் சமஸ்தானம் ஒன்று நிறுவிய முதல் பல்கலைக்கழகம் அது. அதுவரை மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. ஆக, எங்கள் தெருவுக்குப் பெயரளித்த ஆசிரியரின் மாணவர் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் சென்றோம். ஊர்ப்பெயர் இப்போது அரசு ஏடுகளில் புலிகேசி நகர். பேருந்தில் ஏறுவோர் வாயில் இன்னும் பிரேசர் டவுன்தான்.

வழியில் வரும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் எங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. அங்கிருந்த பிரிட்டிஷ் படை 1809-இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தபோதுதான் கண்டோன்மென்ட் தோன்றியது. படையோடும் படையைச் சார்ந்தும் வந்த தமிழர்கள் அல்சூரிலும் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். அப்பகுதி 1881 முதல் பிரிட்டிஷாரின் நேரடி நிர்வாகத்தில் இருந்து, 1947 ஜூலையில்தான் மைசூர் அரசிடம் திரும்பியது. பெங்களூர்த் தமிழர் வந்தேறிகளா என்ற வாதம் தேர்தல்தோறும் எழும் ஊரில், இந்த ஆண்டுகளை அம்மாவிடம் சொல்வது வெறும் வரலாற்றுப் பாடமாக இருக்கவில்லை. காவிரிப் பிரச்சினை மூண்ட நாள்களில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள். அம்மா சன்னல் வழியே ஆற்றைப் பார்த்தபடி, "அப்ப நம்ம ஆளுங்க வந்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

என் ஆய்வு கண்டோன்மென்ட் பகுதித் தமிழைப் பற்றியது. அதில் கன்னடமும் தக்கணி உருதும் எவ்வாறு கலந்திருக்கின்றன, பேசுபவர் எந்த இடத்தில் மொழி மாறுகிறார் என்று பார்க்கிறேன். அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில். திருமணமாகி வந்தது பிரேசர் டவுனுக்கு. வீட்டில் தமிழ், மாடிவீட்டு அக்காவிடம் தக்கணி, காய்கறிக்காரரிடம் தெலுங்கு, அலுவலகங்களில் கன்னடம் என்று நான்கு மொழிகளில் அவருடைய நாள் ஓடும். பொரியலைப் 'பல்யா' என்பார். விரைவாகக் கிளம்பு என்பதற்கு 'ஜல்தி' என்பார். இவை அவருக்குக் கலப்பாகத் தோன்றுவதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்த மண்டியா அம்மாளிடம் மாட்டுத் தீவனத்தின் விலை வரை கன்னடத்தில் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் என்ன எழுதுகிறேன் என்பதை அப்போதுதான் முழுமையாகக் கேட்டார். விளக்கினேன். "நான் பேசுறத எழுதறதுக்கா உனக்கு இத்தினி வருஷம்?" என்று சிரித்தார். சிறிது நேரம் கழித்து, "அப்ப அந்தப் புஸ்தகத்துல என் பேரு இருக்குமா?" என்றார்.

இருக்காது. மொழியியலில் நாம் 'தகவலாளர்' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறோம். தகவலாளரின் அடையாளத்தைக் காப்பது ஆய்வறம். ஆகவே அவர் வயது, பாலினம், பிறந்த ஊர் ஆகியவற்றோடு ஓர் எண்ணாக அட்டவணையில் இருப்பார். அந்த நெறியை நான் மதிக்கிறேன். ஆயினும் தம் பேச்சைத் தந்தவர் தம் பேச்சு எங்கே போகிறது என்பதையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்று தோன்றியது. பெயரை அட்டவணையில் மறைப்பது அறம் என்றால், அவரைக் கட்டடத்துக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவது எந்த நெறியிலும் சேராது.

மைசூர் என்றவுடன் பயண முகவர்கள் தரும் ஒருநாள் பட்டியல் நமக்கு மனப்பாடம். அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, மாலையில் பிருந்தாவனம். அப்பட்டியலில் பல்கலைக்கழகம் இராது. ஆனால் அரச குடும்பத்தின் கதையே கல்வியின் கதையாகவும் இருக்கும் நகரம் அது. அதுவும் ஒரு தாயும் அவருடைய மகள்களும் இருக்கும் கதை. பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1894 டிசம்பரில் இறந்தபோது அவருடைய மகன் நால்வடி பத்து வயதுச் சிறுவன். அம்மா கெம்பநஞ்சம்மணி, வாணி விலாச சந்நிதானம் என்ற பெயருடன் 1902 வரை ஆட்சிப் பொறுப்பை நடத்தினார். பெங்களூரில் 1935-இல் திறக்கப்பட்ட வாணி விலாஸ் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய மூத்த மகள் ஜெயலட்சம்மணிக்காகக் கட்டப்பட்ட மாளிகைதான் ஜெயலட்சுமி விலாஸ். அது இன்று மானசகங்கோத்ரி வளாகத்துக்குள் பல்கலைக்கழகத்தின் நாட்டார் வழக்காற்றியல் அருங்காட்சியகம். இன்னொரு மகள் செலுவஜம்மணியின் மாளிகையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தது அந்நிறுவனம்தான். மகள்களுக்காகக் கட்டிய வீடுகள் ஆய்வுக்கூடங்களாகவும் அருங்காட்சியகமாகவும் மாறிய நகரம் இது என்று சொன்னபோது அம்மா உற்சாகமானார். அரண்மனையின் தூண்களைவிட இச்செய்தி அவருக்குச் சுவையாக இருந்தது.

வாணி விலாசத்தின் ஆட்சிக்காலம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தின் பெயர் வந்தது. அம்மா உடனே இடைமறித்தார். "அது எங்க ஊருக்காகக் கட்டினது. பெங்களூருக்கு முன்னாடியே எங்க ஊர்ல கரண்டு வந்துச்சு. எங்க தாத்தா சொல்லிச் சொல்லியே எனக்குக் காது புளிச்சுப் போச்சு." உண்மைதான். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து முதலில் மின்சாரம் பாய்ந்தது கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். நூலில் நான் படித்த ஆண்டும் சுரங்கத் தொழிலாளியான தம் தாத்தாவிடம் அம்மா கேட்ட பெருமையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. அதற்குப் பின் அங்கிருந்து நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருவோரில் எங்கள் உறவினரும் உண்டு. அன்று பிற்பகல் முழுவதும் அம்மாதான் பேசினார், நான் குறிப்பெடுத்தேன்.

ஜெயலட்சுமி விலாசில் மரப்பாவைகளும் தோற்பாவைகளும் உழவுக் கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் இருக்கின்றன. சில பொருள்களின் முன் அம்மா நெடுநேரம் நின்றார். எதை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் தேயும் என்றெல்லாம் விளக்கினார். பிறகு கேட்டார்: "எங்க வீட்ல இருந்தா பழசு, இங்க இருந்தா ஆராய்ச்சியா?" நாட்டார் வழக்காற்றியல் என்ற துறை தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. பொருளைக் கண்ணாடிக்குள் வைத்தவர்கள் அதைப் பயன்படுத்தியவர்களைப் பார்வையாளராகவேனும் எதிர்பார்க்கிறார்களா?

கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் பழைய கட்டடத்தைப் பார்த்தபடி அம்மாவுக்கு அர்த்தசாத்திரத்தின் கதையைச் சொன்னேன். 1891-இல் கீழ்த்திசை நூலகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியில், பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடில்யரின் நூல் இருப்பதை நூலகர் ஆர். சாமசாத்திரி 1905-இல் கண்டறிந்தார். 1909-இல் அது அச்சானது. கிரந்த எழுத்தில் அமைந்த அவ்வோலை, காவிரியின் கடைமடைப் பகுதியிலிருந்து காவிரியின் தலைமடைப் பகுதிக்கு வந்து உலகுக்குத் தெரிந்தது. ஓலைகள் பூச்சி அரிக்காமல் எப்படித் தாங்கின என்று அம்மா கேட்டார். சுவடிக் கட்டுகளில் வசம்பு வைக்கும் வழக்கத்தையும் புல்தைலம் தடவுவதையும் சொன்னேன். "பிள்ளைக்கு வைக்கிற வசம்பா?" என்று வியந்தார். அர்த்தசாத்திரத்தைக் காத்ததில் பிள்ளைவளர்ப்பு மருந்துப் பெட்டிக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மைசூரில் பிறந்து வளர்ந்த ஏ. கே. இராமானுஜனின் நினைவு வராமல் இருக்குமா? அவருடைய தந்தை மைசூரில் கணிதப் பேராசிரியர். மாடியில் தந்தையின் ஆங்கிலம், கீழே அடுக்களையில் அம்மாவின் தமிழ், வீதியில் கன்னடம் என்று அவ்வீட்டின் மொழிகள் தளம் பிரித்து வாழ்ந்தன. பின்னாளில் அவர் குறுந்தொகைப் பாடல்களை 1967-இல் ஆங்கிலத்தில் தந்ததும், பெண்கள் அடுக்களையிலும் முற்றத்திலும் சொல்லிவந்த கன்னட நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்ததும் நாம் அறிந்தவை. இந்தியானாவில் மொழியியலில் முனைவர்ப் பட்டம் பெற்ற அந்த அறிஞருக்குக் கீழ்த்தளமே முதல் ஆய்வுக்களம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாடிக்கும் அடுக்களைக்கும் இடையே ஏறி இறங்கியவர் மகன். அடுக்களையில் இருந்தவர்கள் மாடிக்கு ஏறிவந்து கேட்டதாக எந்த வரலாறும் நமக்குக் கிடைக்கவில்லை.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'அம்மாவே ஒரு பல்கலைக்கழகம்' என்று எழுதிக் கைதட்டல் வாங்குவது இப்போது எளிது. அந்தப் புகழ்ச்சியில் எனக்கு உடன்பாடு இல்லை. அம்மா எட்டாம் வகுப்போடு நின்றது அவருக்கு அடுக்களை அறிவு போதும் என்பதால் அன்று. தம்பிகள் இருவரின் படிப்புக்கு வீட்டுவேலை செய்ய ஆள் வேண்டும் என்பதால். மைசூரில் பெண்களுக்கான மகாராணி பள்ளி 1881-இல் தொடங்கிவிட்டது. பின்னர் அது கல்லூரியும் ஆயிற்று. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920-இல், கேம்பிரிட்ஜ் 1948-இல். இவற்றுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து, 1980-களில், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு எட்டாமல் போயிற்று. வசம்பும் நான்கு மொழிகளும் அந்த இழப்புக்கு ஈடாகா. தாய்மாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் செல்வதை நன்றிக்கடன் என்றோ பரிசு என்றோ நான் சொல்லாததன் காரணம் இதுவே. அவர்களுக்குத் தரப்படாத ஓர் இடத்தில், ஒரு நாளேனும் அவர்கள் தம் விருப்பம்போல் நடமாட வேண்டும்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. அம்மாக்களுக்குக் கோயிலும் கடைத்தெருவும்தான் பிடிக்கும், அவர்கள் மேல் உங்கள் விருப்பத்தைத் திணிக்காதீர்கள் என்பர். ஒன்றைச் செய்ய இன்னொன்றை விடவேண்டியதில்லை. நாங்கள் சாமுண்டி மலைக்கும் போனோம். தேவராஜ சந்தையில் மைசூர் மல்லிகையும் நஞ்சன்கூடு இரசவாழையும் வாங்கினோம். ஞாயிறு மாலை ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகள் அரண்மனையில் ஒரே நொடியில் எரிந்தபோது அம்மாவும் எல்லாரோடும் சேர்ந்து குரலெழுப்பினார். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலைநடை போனதும், குவெம்பு நடந்த கரை இது என்று அறிந்ததும், மானசகங்கோத்ரி என்று வளாகத்துக்குப் பெயரிட்டவரும் அவரே என்று கேட்டதும் அதே பயணத்தில்தான். எது பிடிக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதைத்தான் திணிப்பு என்று சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகம் வேலை நடக்கும் இடம், வேடிக்கை பார்க்கும் இடம் அன்று என்பது மற்றொரு வாதம். இதில் நியாயம் உண்டு. சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் கூட்டம் தாங்கா. ஆனால் இப்போதைய நிலை என்ன? உழைக்கும் பெண்ணுக்கு விடுமுறை ஞாயிறு. பெரும்பாலான ஆய்வு நிறுவனங்களுக்கும் விடுமுறை ஞாயிறு. அன்று அரண்மனை திறந்திருக்கும், நூலகம் பூட்டியிருக்கும். ஞாயிறன்று ஒரு நிறுவனத்தின் வாயிலில் நாங்கள் காரணம் சொன்னோம். "உள்ளே பார்க்க என்னம்மா இருக்கு? எல்லாம் புஸ்தகம்தான்" என்று காவலர் பரிவோடுதான் சொல்லித் திருப்பி அனுப்பினார். மன்னராட்சியின் ஆடம்பரம் மக்களுக்கு வாரம் முழுவதும் திறந்திருக்க, மக்களாட்சியின் வரிப்பணத்தில் நடக்கும் அறிவு நிறுவனங்கள் அவர்களுடைய ஓய்வு நாளில் மூடியிருப்பது ஒரு முரண். இதை நாம் முரணாக உணராததே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

தமிழருக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் இருக்க வேண்டும். 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மானசகங்கோத்ரியில்தான் இருக்கிறது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2006-இல் அங்கே தொடங்கி, 2008-இல் சென்னைக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகளாக மைசூரில் உள்ள தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. படிகள் எந்த நகரில் இருக்க வேண்டும் என்பது பற்றி நாம் காரசாரமாக எழுதினோம். எழுத வேண்டியதுதான். ஆனால் அவை எந்த நகரில் இருந்தாலும், பொதுமக்களில் ஒருவர், ஒரு மைப்படி எப்படி இருக்கும் என்று பார்க்க வழி உண்டா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

என் முன்மொழிவு பெரிதன்று. ஆய்வு நிறுவனங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், சில மணி நேரம், ஓர் அறையையேனும் திறக்கட்டும். அரிய சுவடியைத் தொடவிட வேண்டியதில்லை, நகலை வைக்கலாம். ஆய்வு மாணவர் ஒருவர் அந்த ஊர் மொழியிலும் வருபவர் மொழியிலும் விளக்கலாம். ஆக்ஸ்போர்டில் ஆண்டுதோறும் செப்டம்பரில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்கள் பலவற்றைப் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடும் நிகழ்ச்சி நடக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் தஞ்சையிலும் மைசூரிலும் அது நடக்க முடியாத காரியம் அன்று. சுற்றுலாத் துறைகள் தம் ஒருநாள் பட்டியலில் ஒரு மணி நேரத்தைப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கலாம். விளக்க ஆள் தேவை என்றால் எங்களைப் போன்றோர் இருக்கிறோம்.

ஆய்வு மாணவியருக்கு நான் சொல்ல விரும்புவது இது. பட்டமளிப்பு விழா வரை காத்திருக்காதீர்கள். அது உங்கள் நாள். அன்று அம்மா விருந்தினர். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, எதுவும் முடிவாகாத நாள்களில், சனிக்கிழமை காலை கிளம்புங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுத் திறந்திருக்கும் இடங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாம் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் வைக்காதீர்கள். முழங்கால் வலி என்று அவர்கள் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். உங்கள் ஆய்வைக் கலைச்சொல் இல்லாமல் வீட்டுத்தமிழில் பத்து நிமிடம் விளக்கிப் பாருங்கள். என் ஆய்வில் எதை விளக்க முடிந்தது, எது வெறும் சொல்லடுக்காக நின்றது என்பதை வழிகாட்டியின் அறையைவிட அந்தப் பேருந்து இருக்கையில் எனக்குத் தெளிவாகக் காண முடிந்தது. பிறகு அவர்கள் பேசட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது தொலைபேசி உரையாடலில் நான்காவது பொருள் ஒன்று சேர்ந்திருக்கிறது. மாடிவீட்டு அக்கா பேச்சில் எந்தச் சொல்லை எந்த மொழியில் சொன்னார் என்று அம்மா எனக்குச் செய்தி அனுப்புகிறார். சில செய்திகள் ஆய்வுக்குப் பயன்படுகின்றன, சில பயன்படுவதில்லை. உறவினர் கேட்டால், "நம்ம பேசுற பாஷைய எழுதறா" என்கிறார்.

உங்கள் ஊரிலோ நீங்கள் படித்த ஊரிலோ ஞாயிறன்று பொதுமக்களை உள்ளே விடும் ஆய்வு நிறுவனமோ பல்கலைக்கழக அருங்காட்சியகமோ இருந்தால் கீழே எழுதுங்கள். திறந்திருக்கும் நேரத்தையும், படியேற முடியாதவர்களுக்கு வழி உண்டா என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும். பட்டியல் ஒன்று தொகுத்து இங்கேயே வெளியிடுகிறேன்.